ஏரிக்கரை ஏற்றம்

ஏரிக்கரை ஏற்றத்தில் மாருதி கார் மூன்றாவது முறையாகக் குலுங்கி, அணைந்து, பின்னால் உருண்டது.

"பிரேக்! பிரேக்!" என்றார் லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கும் ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர்.

பேபி மிதித்தாள். வண்டி நின்றது. அவள் கழுத்தில் வியர்வை வழிந்தது.

பின் சீட்டில் லோகு முள் மேல் உட்கார்ந்திருந்தான். பேபிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அவன்தான். டெஸ்ட் அன்று வாத்தியாருக்குப் பின் சீட்டுதான். அவன் தினமும் உட்காரும் இடதுபக்க சீட்டில் இன்று இன்ஸ்பெக்டர் இரண்டு கால்களையும் உள்ளே மடக்கிக்கொண்டு, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

முன்பெல்லாம் டெஸ்ட் சமதரையில்தான் நடக்கும். ஒரு வட்டம் அடித்தால் முடிந்தது. புதிதாக வந்த இந்த மனிதர்தான் சேலையூர் தாண்டி ஏரிக்கரைக்குக் கூட்டிவந்து, ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்கிறார்.

"இன்னொரு தடவை எடும்மா. பதறாதே" என்றார் அவர்.

பேபி முந்தானையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதில் ஆம்னி வேனின் சாவியை முடிந்து வைத்திருந்தாள்.

புருஷன் அவளுக்கு விட்டுப்போனது அந்த ஆம்னி ஒன்றுதான். கோவளத்தில் மீன் எடுத்து, பஸ்ஸில் வசவு வாங்கிக்கொண்டு மேடவாக்கம் அபார்ட்மெண்ட்களுக்குக் கொண்டுபோய் விற்கிறவள் அவள். வண்டி ஓட்டத் தெரிந்துவிட்டால் அந்தக் கஷ்டம் விட்டது. "ஓட்டத் தெரியாதவங்க வூட்ல வண்டி எதுக்கு?" என்று கொழுந்தன் அதை விற்பதிலேயே குறியாக இருந்தான். லைசென்ஸ் வாங்கிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் விற்றுக்கொள் என்று சொந்தபந்தம் முன்னால் சவால் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவள் கியர் போட்டாள். எஞ்சின் அலறியது. எங்கோ எதுவோ கருகுகிற நாற்றம்.

டாஷ்போர்டில் இருந்த ஸ்டிக்கரை லோகு பார்த்தான். 'கிளட்ச் மேல் கால் வைத்தே ஓட்டாதீர்கள்.' வருஷத்துக்கு இரண்டு தடவை கிளட்ச் பிளேட் தேய்ந்துபோகிற வயிற்றெரிச்சலில் முதலாளி லக்ஷ்மிநாராயணன் ஒட்டியது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் காலை எடுக்கவே மாட்டேன் என்கிறார்கள் சார் என்று அவரிடம் சொல்லிவைத்தவன் லோகுதான்.

வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது.

"போதும்மா. அடுத்த மாசம் வாங்க" என்று இன்ஸ்பெக்டர் இறங்கிக்கொண்டார். குரலில் கோபம்கூட இல்லை.

பேபி இறங்கி, கரையோரமாக நின்று முகத்தைத் துடைத்தாள். லோகு பக்கத்தில் போய் நின்றான்.

"நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்தண்ணா. உன் வண்டியும் தங்கமான வண்டி. டெய்லி கேம்ப் ரோட்ல நான் கால வெச்சா போதும், கிளட்ச் தானா எறங்கும், தானா மெதுவா மேல வரும். இன்னிக்கு இன்னாவோ கல்லாட்டம் கீது."

லோகு குனிந்து தன் இடது காலைப் பார்த்தான்.

வாத்தியார் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. இதை மிதித்தால் ஓட்டுகிறவர் பக்கத்து கிளட்ச்சும் சேர்ந்து இறங்கும். முதல் நாள் கேம்ப் ரோட்டில் வண்டி அணைந்து, பின்னால் பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்ததில் பேபி அழுதேவிட்டாள், நாளையிலிருந்து வரமாட்டேன் என்றாள். பாவமாக இருந்தது. லோகு தன் பக்கத்து கிளட்ச்சை அழுத்தி, பூப்போல விட்டான். வண்டி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. "நானே எடுத்துட்டேண்ணா!" என்று அவள் சிரித்த சிரிப்பில் அவனுக்கும் மனசு நிறைந்துபோயிற்று.

நாளையிலிருந்து மிதிக்கக்கூடாது என்று அன்றைக்கே நினைத்தான். மறுநாளும் அப்படித்தான் நினைத்தான்.

"தானா எறங்குற வண்டியே எனக்கு ஓட்ட வரல" என்றாள் பேபி. "அந்த ஆம்னியா வரப்போவுது? கொழுந்தன் கையில சாவியக் குடுத்துடறேன்."

சொல்லிவிடலாம். உன் மேல் தப்பில்லை, நீ இன்னும் ஒரு நாள்கூட ஓட்டிப் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் அது லக்ஷ்மிநாராயணன் காதுக்குப் போகும். இத்தனை கிளட்ச் பிளேட்டையும் தின்றது யார் கால் என்று தெரிந்துபோகும்.

"சில பேருக்கு கிளட்ச் பாலன்ஸ் வராதும்மா" என்றான் லோகு.

சொன்ன அந்த நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பேபி சரி என்று தலையை ஆட்டினாள். தன்னைப் பற்றி அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள் போல. ஷேர் ஆட்டோவை நோக்கி நடக்கும்போதே முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் குரோம்பேட்டையிலிருந்து பிரேம் வந்தான். ஐ.டி. கம்பெனிப் பையன், கற்றுக்கொள்ள ஆரம்பித்து இரண்டாவது நாள்.

லோகு தன் சீட்டில் உட்கார்ந்து, இன்ஸ்பெக்டரைப் போலவே இரண்டு கால்களையும் உள்ளே மடக்கிக்கொண்டான்.

கேம்ப் ரோட்டு வளைவில் வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன். பிரேம் மறுபடி எடுத்தான். மறுபடி நின்றது. தண்ணி லாரிக்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, காதுகொடுத்துக் கேட்க முடியாத ஒன்றைச் சொன்னான். பிரேம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"சாரி சார். எனக்கு இது வராது போல."

லோகு கால்களை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டான். ஹாரன் நிற்கவில்லை.

வண்டி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

"நானே எடுத்துட்டேன் சார்!" என்று சிரித்தான் பிரேம்.

"ஆமா தம்பி" என்றான் லோகு.