முழங்காலுக்குக் கீழே ஒரு மான்

"அந்த மானை எடுத்துடும்மா. அது இருக்கிற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

விற்பனை மேலாளர் நின்றபடியே சொன்னார். கம்ப்யூட்டர் திரையில் ஒரு செயற்கைக் காலின் மேலுறை முப்பரிமாணத்தில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம், நட்ட நடுவில் துள்ளும் மான். கம்பெனியின் சின்னம்.

டிசைனர் மானை இன்னொரு சுற்றுச் சுழற்றிப் பார்த்தாள். ஆபீசில் அவளுக்கு உடும்பு என்று பட்டப்பெயர். பிடித்தால் விடமாட்டாள். மேலாளருக்குச் சட்டாம்பிள்ளை. இரண்டு பெயரும் இரண்டு பேருக்குமே தெரியும்; தெரியாததுபோல் நடந்துகொள்வார்கள்.

மூன்று நாளாக அந்த மானோடு அவள் மல்லுக்கட்டியிருந்தாள். விளம்பரப் பிரிவு கொடுத்தது ஓரமெல்லாம் பிசிறடித்த வெறும் படம். அதைக் கோடுகோடாகத் திரும்ப வரைந்து, வளைந்த பரப்பின் மேல் படியவைத்து, முக்கால் மில்லிமீட்டர் உயரத்துக்கு எழுப்ப வேண்டும். கொம்பு நூல்போல மெலிந்திருந்ததால் ஒவ்வொரு தடவையும் மென்பொருள் பிழை காட்டி நின்றது. பின்னங்கால் ஒன்று வளைவைத் தாண்டி அந்தரத்தில் தொங்கியது. கொம்பைத் தடிமனாக்கி, காலை உள்ளே இழுத்து, பதினேழாவது முயற்சியில்தான் மான் ஒழுங்காக உட்கார்ந்தது.

மேலாளர் தன் தரப்பைப் பொறுமையாகவே விளக்கினார். வாங்குபவர்கள் கேட்பது தோல் நிறம், அசல் கால் போன்ற வடிவம். பேண்ட் போட்டால் யாருக்கும் தெரியக் கூடாது. அவ்வளவுதான் அவர்களுடைய ஆசை. சின்னம் வேண்டுமென்றால் உள்பக்கம், கண்ணில் படாத இடத்தில் பொடியாகப் போட்டுக்கொள்ளலாம். ஊருக்கே தெரிகிற மாதிரி நெற்றியில் ஒட்டுவது எதற்கு?

அவள் தபால்காரம்மாவைப் பற்றிச் சொன்னாள். புது மாடலைப் போட்டுப் பார்க்க ஒத்துக்கொண்டவள் அந்த அம்மா. விபத்தில் கால் போய், ஆறே மாதத்தில் வேலைக்குத் திரும்பியவள். அளவெடுத்த அன்று, வெறுமையாக இருந்த மேலுறையைத் தடவிப் பார்த்து, "செருப்புக்குக்கூடப் பேர் போட்டு விக்கிறாங்க. என் காலை மட்டும் ஏம்மா ஒளிச்சு வைக்கிறீங்க?" என்று கேட்டிருந்தாள்.

"ஒருத்தங்க அப்படிச் சொல்லலாம். எல்லாரும் அப்படி இல்ல" என்றார் மேலாளர்.

டிசைனருக்குச் சுருக்கென்றது. "நீங்க விக்கிறவர் சார். அதைப் போட்டுக்கிட்டு நடக்கிறவங்க மனசு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்து மேசைகளில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. வார்த்தை தடித்துவிட்டதை அவளே உணர்ந்தாள். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. மேலாளர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். "தெரியாதுதான்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

விஷயம் முதலாளியம்மா வரைக்கும் போனது. அவர் யார் பக்கமும் சாயவில்லை. மறுநாள் மாலை நான்கு மணிக்குள் மேலாளரின் கையெழுத்து வந்தால் மான் இருக்கும். வராவிட்டால் வெறும் மேலுறை அச்சுக்குப் போகும் என்று முடித்துவிட்டார்.

கெஞ்சிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் டிசைனருக்கு இல்லை. பட்டறைக்குப் போய், மான் பதித்த மேலுறை ஒன்றை அன்றைக்கே முப்பரிமாண அச்சில் எடுக்க வைத்தாள். ஓரங்களைத் தானே தேய்த்து வழவழப்பாக்கினாள். தபால்காரம்மாவுக்குப் போன் செய்து, மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் வந்துபோகச் சொன்னாள். மேலாளரிடம் பத்து நிமிடம் மட்டும் கேட்டாள். அவர் மறுக்கவில்லை.

தபால்காரம்மா சீருடையோடே வந்தாள். மேலுறையை மாட்டியதும் பேண்டை முழங்கால் வரை சுருட்டி விட்டுக்கொண்டு, ஆபீசின் நீண்ட நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். விரலால் மானைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். எதிரே வந்த காவலாளி தயங்கி நின்று, அது என்ன மானா என்று கேட்டார்.

"மான்தான். என் காலு. நல்லாருக்கா?"

அவர் தலையாட்டினார். அவள் அதே நடையில் வாசலைத் தாண்டி, பேண்டை இறக்கிவிடாமலே தெருவில் இறங்கிப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற மேலாளர், அவள் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மணி மூன்றானது. மூன்றரையானது. டிசைனர் அடுத்த வாதத்துக்கான குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை தோற்றால் அடுத்த மாடலில், அதிலும் தோற்றால் அதற்கடுத்ததில் என்று முடிவு செய்திருந்தாள்.

மூன்றே முக்காலுக்கு மேலாளர் வந்தார். ஒப்புதல் படிவத்தை மேசையில் வைத்தார். அதில் கையெழுத்து இருந்தது.

அவள் எழுந்து நின்று நன்றி சொன்னாள். நேற்றுப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்கப்போனாள். அவர் கையமர்த்திவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அதே மாதிரி இன்னொண்ணு வேணும். இடது காலுக்கு."

"செஞ்சிடலாம் சார். யாருக்கு? அளவு இருக்கா?"

அவர் அக்கம்பக்கம் பார்க்கவில்லை. குனிந்து, அந்த ஆபீசில் பதினோரு வருடத்தில் முதல் முறையாக, தன் இடது பக்கப் பேண்டை முழங்கால் வரை சுருட்டினார்.

"அளவை நீயே எடுத்துக்கம்மா" என்றார்.