சுவைத்தவர் கையெழுத்து

"எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்துங்க."

மேசையைச் சுற்றியிருந்த பேச்சு நின்றது.

சென்னையிலிருந்து வந்திருந்த ஓட்டல்காரர்கள் நான்கு பேரும் அவளைப் பார்த்தார்கள். பீர் ஆலை முதலாளி அமலோர் பார்த்தார். மேலாளர் கலியமூர்த்தி மட்டும் தரையைப் பார்த்தார்.

அவள் தரப் பரிசோதகராக வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் சொல்லிவைத்திருந்தார். "அளக்குறது, எழுதுறது, கையெழுத்துப் போடுறது. அவ்ளோதான் ஒன் வேல. குடிக்கக் குடுங்கன்னு மட்டும் எந்தக் காலத்துலயும் கேட்டுடாத. பொம்பளப் புள்ள. வர்றவன் என்னா நெனைப்பான்?"

பதினோரு மாதம் கேட்கவில்லை.

ஒவ்வொரு டேங்குக்கும் ஒரு தாள். அடியில், 'சுவைத்துப் பார்த்து ஒப்புதல் அளித்தவர்' என்று ஒரு கோடு. சுவைப்பது அமலோர். கோட்டின் மேல் கையெழுத்துப் போடுவது அவள்.

ஆலைக்கு அவள் பட்டம் வேண்டும். நாக்கு வேண்டாம்.

இன்றும் அப்படியே போயிருக்கும். ஓட்டல்காரர் ஒருவர், "வெண்ண கணக்கா வழுக்கிக்கிட்டு எறங்குதுங்க," என்றார். "பெல்ஜியம் பாணில்ல? அப்டித்தான் இருக்கும்," என்றார் அமலோர்.

அதில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டது.

அமலோர் சிரித்துக்கொண்டே இரண்டு விரற்கடை ஊற்றினார். "பாத்து பாப்பா. எட்டரை பர்சன்ட். ஒங்க ஊர்க் கள்ளு இல்ல."

பொன் நிறம். வெள்ளை நுரை. கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

வாயில் வைத்தாள்.

பேரிக்காய் வரவேண்டும். பிறகு மிளகு. எல்லாம் அடங்கிய பின், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தொண்டையில் ஒரு சூடு.

வந்தது வெண்ணெய். சினிமாக் கொட்டகைப் பாப்கார்ன் வெண்ணெய்.

"டேங்க எப்பண்ணே குளுர வச்சீங்க?"

கலியமூர்த்தி அமலோரைப் பார்த்தார்.

இன்னும் மூன்று நாள் வெதுவெதுப்பில் விடச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தாள். விட்டிருந்தால், பீரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட், தான் கக்கிய வெண்ணெய் வாடையைத் தானே தின்று தீர்த்திருக்கும். விருந்தாளி வருகிறார்கள் என்று முந்தாநாளே குளிர வைத்துவிட்டார்கள்.

"இது பாணி இல்ல சார். அவசரம்."

அமலோர் ஓட்டல்காரர்கள் பக்கம் திரும்பினார். "வீட்லயே மொத டிகிரி. அதான் கொஞ்சம் ஏறிப்போச்சு."

நால்வரும் சிரித்தார்கள்.

"கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பு பாப்பா."

பேனாவைத் திறந்தாள். 'வெண்ணெய் வாடை. விற்கக் கூடாது' என்று எழுதினாள். கீழே, கோட்டின் மேல், கையெழுத்து.

பேனாவை மூடவில்லை.

ஃபைலைப் புரட்டினாள். பழைய தாள்கள் பதினேழு. பதினேழிலும் அவள் கையெழுத்து.

முதல் கையெழுத்தின் பக்கத்தில் எழுதினாள். சுவைக்கவில்லை.

இரண்டாவதில். சுவைக்கவில்லை.

ஆறாவதில்தான் கலியமூர்த்தி எழுந்து ஓடிவந்தார். காதருகே குனிந்தார். "ஏய், இது ஒன்னயும் சேத்துல்ல முழுங்கும்? பொய்க் கையெழுத்துன்னு ஒன் கையாலயே எழுதுறியே. இனிமே எவன் வேல குடுப்பான்?"

"தெரியும்ண்ணே."

ஏழாவது. எட்டாவது.

பதினேழும் முடிந்ததும் ஃபைலைத் திறந்தபடியே மேசை நடுவில், கிளாஸ்களுக்கு இடையில் வைத்தாள். ஓட்டல்காரர்களில் மூத்தவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் அமலோர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முதல் முறையாக.

கேட்டைத் தாண்டும்போதுதான் தொண்டையில் அந்தச் சூடு ஏறியது.