பழுதற்றது

டொக்டர் என் பைலை மூடினார். எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, இங்கிலீஷில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

நான் அண்ணையைப் பார்த்தேன். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். கனடாவுக்கு வந்த புதிதில் போகிற இடமெல்லாம் எனக்காக இங்கிலீஷ் பேசியவர் அவர்தான்.

அருள்நாயகம் அண்ணைக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் மெஷினில் இரத்தம் சுத்தமாகிறது. சொந்தத்தில் பொருந்தியது நான் மட்டும்தான். ஒன்றைக் கொடுக்க என்னை ஏற்பார்களா, மாட்டார்களா என்பது இன்றைக்குத் தெரியும்.

அண்ணை மல்வேர்ன் தேவாலயத்தில் வேதாகம வகுப்பு நடத்துகிறவர். பலிச் சட்டங்களைச் சொல்லும் லேவியர் ஆகமம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பலி ஆட்டில் குருடு, முடம், சொறி எதுவும் இருக்கக் கூடாது. அதன் கொழுப்பும் இரண்டு சிறுநீரகங்களும் ஆண்டவரின் பங்கு, மனிதர் வாய் வைக்கக் கூடாது. இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்றில் நான் சைவசமயக்காரரான சிவபாதத்தைப் பதிவுத் திருமணம் செய்தேன். அந்த வருடத் தேவாலயத் திருவிழாவில், காணிக்கைப் பவனிக்குப் பழத்தட்டோடு வரிசையில் நின்றேன். சனம் பார்த்துக்கொண்டிருக்க அண்ணை வந்து தட்டைப் பறித்தார்.

"பழுதுள்ளது பீடம் ஏறாது."

அதன் பிறகு நாலு வருடம் அவர் என்னோடு கதைக்கவில்லை. கிட்னி கேட்டு போனில் அழுததுகூட அவர் மனைவி, என் மச்சாள்தான்.

இப்போது அண்ணை தன் சப்பாத்தைப் பார்த்தார். கையில் ஊசி குத்திய இடத்தைத் தடவினார். வகுப்பெடுக்கிற குரல் வரவில்லை.

"உன்னில ஒரு பழுதும் இல்லையாம், பிள்ளை."

எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. என் கலியாணத்தன்றுகூட நான் இவ்வளவு நிமிர்ந்து இருந்ததில்லை.

சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கோ என்றேன்.

இந்தமுறை சத்தமாகச் சொன்னார். அழுதுகொண்டு சொன்னார்.

டொக்டர் சொன்னது எனக்கு முதலிலேயே விளங்கிவிட்டது. பெட்டி செய்யும் தொழிற்சாலையில் நான் இப்போது சூப்பர்வைசர். நாள் முழுக்க ஆட்களை இங்கிலீஷில்தான் ஏசுகிறேன்.

நாலு வருடத்தில் ஒருநாளாவது என்னோடு கதைத்திருந்தால் அண்ணைக்கு அது தெரிந்திருக்கும்.