அறுபதாவது ஃபாரம்

பத்துக் கேள்விக்கும் பூஜ்யம் போட்டுவிட்டு, அதுவும் போதாதென்று ஃபாரத்தின் அடியில் காலியாக இருந்த இடத்தில் நுணுக்கி நுணுக்கி எழுத ஆரம்பித்தாள் அம்சா.

பார்த்துக்கொண்டிருந்த சூர்யகலாவுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? மூன்று வருடப் பாடு.

திண்டிவனத்தில் ஓர் எண்ணெய் மில்லில் கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் அவள். வேலையை விடாமலே, வேலையிடத்துச் சிக்கல் ஒன்றைத் தீர்த்து, அதையே ஆராய்ச்சியாக எழுதித் தந்தால் டாக்டர் பட்டம் தருவதாகச் சொன்ன ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தாள்.

அவள் எடுத்துக்கொண்ட சிக்கல், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு விவசாயிகள் மில் வாசலில் நாள் முழுக்கக் காய்வது. அதற்காக ஒரு செல்போன் ஆப் செய்தாள். வீட்டில் இருந்தபடியே டோக்கன் போட்டு, தன் முறைக்கு வந்தால் போதும். அறுபது பேர் போனில் தன் கையாலேயே ஏற்றிக் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

இன்று அத்தனை பேரையும் கூப்பிட்டு, டீயும் போண்டாவும் கொடுத்து, மார்க் போடச் சொன்னாள். மழையாகக் கொட்டியது மார்க். வளவனூர் வீரமுத்து பத்துக்குப் பதினைந்து போட்டிருந்தார். நம்ம மில்லுப் பொண்ணு பாஸாவணும் என்று வானூர்க்காரர்கள் கேள்வியைப் படிக்கக்கூட இல்லை. சூர்யகலாவின் கால் தரையில் படவில்லை.

அம்சா மட்டும்தான் இப்படி. அனந்தபுரத்துக்காரி. தன் கொல்லையில் விளைந்த மல்லாட்டையோடு தெருக்காரர்கள் மூட்டையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறவள்.

“பட்டன் எறும்பு சைசுல இருக்குது. வெயில்ல ஒரு எழவும் தெரியல. கொல்லையில டவர் இல்லன்னா போட்ட டோக்கனே காணாமப் போயிடுது. தொறக்கறப்பல்லாம் பாஸ்வேர்டு வேற கேட்டுக்கினே இருக்குது. ஏம்மா, என் வூட்டுக்குள்ள போவ நானே கதவத் தட்டணுமா?”

“மத்த அம்பத்தொம்பது பேருக்கும் புடிச்சிருக்கேக்கா?”

“புடிச்சா புடிச்சிட்டுப் போவுது” என்று ஃபாரத்தை அவள் கையில் திணித்துவிட்டு, இன்னொரு போண்டாவை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள் அம்சா. போண்டாவிலும் உப்பு கம்மியாம்.

சூர்யகலா வீட்டுக்கு வந்து கணவன் ராஜசேகரிடம் புலம்பினாள். இதென்ன பிரமாதம், ஐம்பத்தொன்பது பேர் என்று எழுதிவிடு, யார் வந்து எண்ணப்போகிறார்கள் என்றான் அவன். தப்பில்லையா என்று கேட்டாள். கேட்டதோடு சரி. அறுபதாவது ஃபாரம் பழைய பேப்பர் கட்டுக்குப் போனது.

அப்புறம் வீட்டில் ஒரே கூத்துதான். சூர்யகலா கிடைத்த இடத்திலெல்லாம் ‘டாக்டர்’ போட்டுக் கையெழுத்துப் பழகினாள், பால் கார்டு உட்பட. ராஜசேகர் பேப்பர் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, அதன் வெள்ளைப் பக்கத்தில் ‘டாக்டர் சூர்யகலா’ என்று கொட்டை எழுத்தில் மாதிரி எழுதி, போர்டு எழுதும் ராஜாமணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தே விட்டான்.

ஒரு வாரம் கழித்து, வழிகாட்டிப் பேராசிரியர் தேவசகாயம் ஸ்கைப்பில் வந்தார்.

“அம்பத்தொம்பது பேரும் முழு மார்க்கா? எனக்குக் கல்யாண வாழ்த்து மடல் படிக்கிற மாதிரி இருக்கும்மா. சரி, ஒருத்தர் சராசரியா மூன்றரை தடவை ஆப்பைத் திறந்ததா எழுதியிருக்கீங்க. ஆளுக்கு எத்தனை தடவைன்னு லிஸ்டைக் காட்டுங்க.”

மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. அதை வகுத்துப் போட்டதோடு சரி, ஆள் ஆளாகப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு பேர் புகழும்போது யாருக்குத் தோன்றும்?

லிஸ்டைத் திறந்தாள். வீரமுத்து, பூஜ்யம். அடுத்தவர், பூஜ்யம். வானூர் மொத்தமும் பூஜ்யம். யாரும் ஆப்பைத் தொடவே இல்லை. எப்போதும்போல வாசலில் வந்து காய்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கடைசி வரியில் அம்சா, இருநூற்றெட்டு. மீதி மூன்று, சூர்யகலாவே சோதித்துப் பார்த்தது.

“உங்க ஆப்பை உபயோகிச்சது உலகத்துலயே ஒருத்தர்தான்” என்றார் தேவசகாயம். “அவங்க ஃபாரத்தை ஏன் சேர்க்கல? அன்னைக்கு அவங்க எழுதின அந்த அசல் தாள் இருந்தா ஆப்பைத் திருத்தி, மறுபடியும் எழுதிடலாம். இல்லன்னா மூணு வருஷமும் தண்டம்.”

சூர்யகலா பேப்பர் கட்டை உதறினாள். இல்லை. அலமாரியில் இல்லை. ராஜசேகர் தலையைச் சொறிந்துகொண்டே, தான் உருவிய தாளைப் பற்றிச் சொன்னான்.

செருப்பு மாட்டக்கூட நேரமில்லாமல் ஸ்கூட்டியை விரட்டினாள். ராஜாமணி கடைச் சுவரில் ஒட்டியிருந்தது, ‘டாக்டர் சூர்யகலா’. பிய்த்துத் திருப்பினாள். பத்துப் பூஜ்யமும் பத்திரமாக இருந்தன. பட்டமே கைக்கு வந்துவிட்ட மாதிரி அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். போர்டு ஆறு மாசம் கழித்துப் போதும் என்றாள்.

அங்கேயே நின்று அம்சாவுக்குப் போன் போட்டாள். ஃபாரத்தை ஒளித்ததை ஒளிக்காமல் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. தெனமும் அதைத்தான தொறந்தீங்க, அப்புறம் ஏன் பூஜ்யம் போட்டீங்க?”

“நல்லாருக்குதுன்னு எழுதிக் குடுத்தா, நீ பட்டத்த வாங்கிக்கினு அத அப்பிடியே வுட்டுட்டுப் போயிடுவே. எனக்கு நாளைக்கும் டோக்கன் போட வோணுமேம்மா.”