முறிப்பதற்கு ஒரு வார்த்தை

"கான்ட்ராக்ட் பத்தின இங்கிலீஷ் மட்டும் போதும் டீச்சரே. மத்ததெல்லாம் எனக்கு எதுக்கு?"

கடைசி பெஞ்சில், ஜவுளிக்கடைப் பெண்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு பூதலிங்கம் அண்ணாச்சி கேட்டார்.

கௌசல்யாவுக்கு விசித்திரமாக இருந்தது. பழவங்காடியில் அவள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் மாடி அண்ணாச்சியுடையது. கீழே அவருடைய பாத்திரக்கடை. இத்தனை வருஷமாக வாடகை வாங்கக்கூட மாடிப்படி ஏறாதவர், இன்று ஃபீஸ் கட்டிச் சேர்ந்திருக்கிறார்.

"கையெழுத்துப் போடுறதுக்கு என்ன சொல்லணும்?"

"சைன் எ கான்ட்ராக்ட்."

"அதைத்தான் போட்டுத் தொலைச்சாச்சே" என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் மலையாளப் பெண் அஸ்வதி தயங்கி நின்றாள்.

"டீச்சர் ஒண்ணும் அறிஞ்சில்லையா? இந்த பில்டிங்கை ஒரு செல்போன் கம்பெனி எடுக்குதாம். அண்ணாச்சி மோன் வினீத்தான் எல்லாம் பேசி முடிச்சது."

"மாடியுமா?"

"மாடியும் சேர்த்துத்தான்."

கௌசல்யா போர்டை அழிக்காமலே உட்கார்ந்துவிட்டாள். கணவர் அண்ணாச்சியிடம் பேசி எடுத்த இடம்; அவர் இறந்த பிறகு அவளையும் மகளையும் கரையேற்றிய இடம் இது. இதைப் பறித்துக் கொடுக்கிறவருக்கு, அதற்கான இங்கிலீஷையும் அவளே சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

மறுநாள் அண்ணாச்சி முதல் ஆளாக வந்துவிட்டார்.

"கான்ட்ராக்டைப் புதுப்பிக்க?"

"ரினியூ த கான்ட்ராக்ட்."

"அது வேண்டாம். இனி நமக்குள்ள ஒண்ணும் இல்லேன்னு முறிக்கணும். அதுக்கு?"

"யாரோட கான்ட்ராக்டை அண்ணாச்சி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அதை அப்புறம் சொல்லுதேன்."

பின்னால் அஸ்வதி முணுமுணுத்தாள். "வாடகைக்காரரைக் காலி பண்ண வச்சாச்சுன்னு கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லணுமில்லே, அதுக்குத்தான்."

முறிக்க என்றால் ரினியூதான் என்று சொல்லிவிட்டால் என்ன? கம்பெனிக்காரர்கள் முன்னால் உளறட்டும். நாலு பேர் சிரிக்கட்டும். வார்த்தை நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

பென்சிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெர்மினேட்" என்றாள் கௌசல்யா. "ஐ வான்ட் டு டெர்மினேட் த கான்ட்ராக்ட். சொல்லுங்க அண்ணாச்சி."

"டெர்மிலேட்."

"இல்லை. டெர்மினேட்."

நாக்குக்கு வரும்வரை சொல்ல வைத்தாள். வீட்டுக்குப் போய் அழுதாள்.

அடுத்த வாரம் கீழேயிருந்து ஆள் வந்தது. "டீச்சரை அண்ணாச்சி கூப்பிடுதாரு."

கடையில் டை கட்டிய இரண்டு பேர். பெங்களூர்க்காரர்கள். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. பக்கத்தில் வினீத். கௌசல்யாவைப் பார்த்ததும் அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"அப்பா, நீங்க இருங்க. நான் பேசுதேன்."

"நோ. ஐ ஸ்பீக்." அண்ணாச்சி எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "வீ சைன்ட் எ கான்ட்ராக்ட். ஐ... ஐ வான்ட் டு டெர்மினேட் த கான்ட்ராக்ட்."

கம்பெனிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வினீத் பதறினான். "அப்பா! என்ன சொன்னீங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்லே. டீச்சர் சரியாத்தான் சொல்லித் தந்திருக்காங்க. கீழ்க்கடை மட்டும்னு சொல்லி நீ கையெழுத்து வாங்கின. மாடியும் அதுல இருக்குன்னு வக்கீல் வாசிச்சுச் சொன்ன பிறகுல்லா தெரிஞ்சுது. சாவி கொடுக்கதுக்கு முன்னால முறிச்சுக்கிடலாம்னும் அவருதான் சொன்னாரு. உன்னைப் பேச விட்டா, நான் ஒண்ணு சொல்ல நீ ஒண்ணு சொல்லுவ."

கௌசல்யா அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ன செய்வியன்னு எனக்குத் தெரியாதா? இவருக்கு எதுக்கு நம்மால சங்கடம்னு மறுநாளே காலி பண்ணிட்டுப் போயிருப்பிய."

கம்பெனிக்காரர்களில் மூத்தவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அண்ணாச்சிக்குப் புரியவில்லை. வினீத் வாய் திறக்கவில்லை.

கௌசல்யாதான் சொல்ல வேண்டியிருந்தது. "மாடியில இருக்கிற எனக்கும் உங்களுக்கும் ஏதாவது கான்ட்ராக்ட் இருக்கான்னு கேக்கறார்." அவள் குரல் இறங்கியது. "நாம எழுத்துல ஒண்ணுமே போட்டுக்கலையே அண்ணாச்சி. இல்லைன்னு சொல்லிடட்டுமா?"

"இல்லேன்னா சொல்லுவிய? நல்ல கதையா இருக்கே! வேண்டிய மட்டும் இருந்துக்கிடுங்கன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லலியா?"

அண்ணாச்சி காதோரமிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டார்.

"வாயால குடுத்த கான்ட்ராக்டுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லணும் டீச்சரே?"