அரை மணிக்கு ஒரு வண்டி

வெளியூர்க் கல்லூரியில் பாடம் நடத்தும் ரெஜினாவைப் பார்க்க, நகரத்தில் வேலையிலிருக்கும் அவள் கணவன் சகாயம் ஞாயிறுதோறும் பஸ்ஸில் ஐந்து மணி நேரம் குலுங்கி வருவான். சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவன் செருப்பில் ஒன்று காணாமல் போய்விடும். கட்டிலுக்கடியில் குனிவான், மாடிப்படி வரை போய்த் தேடுவான், "நாய்தான் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்பான். அந்தத் தெருவில் நாயே கிடையாது. பஸ் போன பிறகு செருப்பு வாசலில் வந்து கிடக்கும். மறுநாள் அவனுக்கு ஆபீஸில் அரை நாள் லீவு. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த ஞாயிறு அவன் புதிதாக விட்ட அதிவேக ரயிலில் வந்தான். "ஏறும்போது வாங்கின காப்பி ஆறல ரெஜி, அதுக்குள்ள ஊர் வந்துடுச்சு" என்று மத்தியானம் வரை அதே பேச்சு. வெயில் தாழ்ந்ததும் அவள் வழக்கம்போல ஒரு செருப்பை ஒளித்துவிட்டு, அடுக்களையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். அவன் எங்கும் குனியவில்லை. நேராக உள்ளே வந்து, அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு, செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"இத விட்டா அரை மணியில அடுத்த வண்டி இருக்குங்க" என்றாள்.

"இதுலயே போயிடறேன். இனிமே நெனச்சா வந்துடலாமே."

பாலத்தின் மேல் ரயில் போன சத்தம் கேட்பதற்குள் அடங்கிவிட்டது. ரெஜினா அரிசி டிரம்மைக் கை நுழையாதபடி சுவரோடு ஒட்டித் தள்ளிவைத்தாள்.