வகுபட்ட எண்

பத்து லட்சம் இலக்கங்கள் கொண்ட அந்தப் பகா எண்ணைக் கண்டுபிடித்தவள் ரக்ன்ஹில்ட். பெர்கன் ஆய்வகத்தின் மூன்று கணினிகளும் அதை உறுதி செய்திருந்தன. கட்டுரையில் பேராசிரியர் ஹால்வரின் பெயர் மட்டும் இருந்தது.

“மெஷினைப் பாத்துக்கிட்டதுக்கெல்லாம் பேரு போட முடியுமாம்மா?” என்றார் அவர், மதிய ரொட்டியைப் பிரித்தபடி.

“மீன் ஆலைக்காரன் மக பேரு வந்தா காகிதம் நாறுமா, ஹால்வர்?”

மறுநாள் நான்காவது சோதனையில் அந்த எண் மீதியில்லாமல் வகுபட்டது. வகுத்தது ஒரு பதினோரு இலக்க எண்; நார்வேயில் அரசு ஆளுக்கொன்றாகத் தரும் பிறப்பு எண்ணின் அதே நீளம்.

“யாரோ ஒருத்தரோட பிறப்பு எண் மாதிரி இருக்கே” என்றார் ஹால்வர்.

“என்னோடதுதான்.”

ஹால்வர் மும்முறை சோதித்தார். பிறகு கட்டுரையில் அவள் பெயரையும் சேர்த்துவிட்டுச் சோதனையை மறுபடி ஓட்டினார். இம்முறை எண் எதற்கும் வகுபடவில்லை. நிம்மதியாகக் காபி எடுக்கப் போனார்.

ரக்ன்ஹில்ட் அவர் பெயரை அழித்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். அப்போதும் அது பகா எண்ணாகவே இருந்தது.